ட்ரொகெடா நகரத்து இலச்சினையும் பிறைமதியும்

அயர்லாந்தின் கீழ்க்கரையிலே, பொயின் நதி கடலொடு கலக்குமிடத்துக்கு அணித்தாக உள்ளது ட்ரொகெடா என்னுந் துறைமுக நகர். அதன் இலச்சினைக் கேடயத்திலே இரு கோபுரங்களையுடைய மதில்வாயில் ஒன்று காணப்படும். ஒருபால் ஆங்கில மன்னர்க்குரிய சிங்கங்கள் மூன்று. மறுபால் வணிகக் கப்பல். கடவுளைக் காவலெனவும் வாணிகத்தைப் பெருமையெனவும் கூறும் இலத்தீன் வாசகமும் உண்டு. இவற்றின் பொருள் எளிதிற் புலனாகும். ஆராயற்பாலன மேலே விளங்கும் பிறையும் உடுவுமேயாம்.

உருளைக்கிழங்குப் பயிர் அழிந்தமையால் எழுந்த பெரும்பஞ்சத்திலே, 1847ஆம் ஆண்டில், துருக்கிச் சுல்தான் அப்துல் மெஜித் இந்நகர்க்கு உணவுக் கப்பல்களை அனுப்பினாரென்றும், நன்றி மறவாத மக்கள் அவர் கொடிக்குரிய சின்னங்களைத் தமதாக்கினரென்றும் கூறுவர். அயர்லாந்துச் சனாதிபதியாயிருந்த மேரி மக்கலீசு அம்மையாரும் 2010இல் துருக்கி சென்றபோது இங்ஙனமே உரைத்தார். உள்ளத்தைக் கவருங் கதை. யாமும் அதனை நம்பவே விரும்பினோம். ஆயின் காலக்கணக்கு இடங்கொடுக்கவில்லை. நகரின் பிறையும் உடுவும் பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை. 1199 முதல் 1216 வரை ஆண்ட யோன் மன்னன் அயர்லாந்துக்கென அடித்த நாணயங்களிலும் அவ்விரண்டையுங் காணலாம்.

இதனாற் சுல்தானின் கொடை பொய்யாகிவிடாது. அவர் 1,000 பவுண் உதவினார்; அயர்லாந்துப் பிரபுக்கள் ஒப்பமிட்டு அவர்க்கு விடுத்த நன்றிமடல் துருக்கியின் ஆவணங்களிடையே உளது. கப்பல்களின் வரவு பற்றியே ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். நகரத்தாரோ கதையைக் கைவிட்டாரல்லர். அவர்தம் உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னத்திலும் பிறையும் உடுவும் பொலிகின்றன.