லினக்ஸ் இமேஜுக்குள் நம் கோப்பு போவது எப்படி?

ரவுட்டர், தொழிற்சாலைக் கருவி போன்றவற்றுக்கான சிறிய லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டித் தருவது பில்ட்ரூட்.

ஏன் நாம் செய்த திருத்தம் காணாமல் போகிறது?

ஐபி முகவரியை மாற்றப் பலர் 'அவுட்புட்/டார்கெட்' ஃபோல்டரில் நேரடியாகக் கை வைக்கிறார்கள். அது பில்ட்ரூட் தற்காலிகமாக வேலை செய்யும் இடம். 'மேக் கிளீன்' கொடுத்தால் அடியோடு அழிந்துவிடும்.

எப்படிச் சேர்ப்பது?

'ஓவர்லே' என்று தனி ஃபோல்டர் வையுங்கள். கருவியில் கோப்பு 'இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' என்ற பாதையில் இருந்தால், ஓவர்லேயிலும் அதே பாதை வேண்டும். எல்லா பேக்கேஜ்களும் நிறுவப்பட்ட பிறகு, இமேஜ் உருவாகும் முன், பில்ட்ரூட் இதை நகலெடுக்கிறது. பின்னால் வருவதால், பேக்கேஜ் தந்த கோப்பின் இடத்தில் நம் கோப்பு அமர்கிறது.

கோப்புகள் எல்லாம் ரூட் பயனருக்கே சொந்தமாகும். வேறு உரிமையாளர் வேண்டுமானால் அனுமதி அட்டவணையில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஓவர்லேயை 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே அமைப்புகளோடு இமேஜ் கட்டலாம். கடவுச்சொல்லையும் ரகசியச் சாவியையும் மட்டும் அதில் வைக்காதீர்கள். ஒரே இமேஜ்தான் எல்லாக் கருவிகளுக்கும் போகிறது. ஒன்று உடைந்தால் அத்தனையும் திறந்துகொள்ளும்.