ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர்: போடிநாயக்கனூர் மாணவர்களுக்கான விளக்கம்

இந்தியக் கல்லூரியில் பட்டப்படிப்புப் படிக்கும் ஒருவர், தம் படிப்பின் ஒரு செமஸ்டரை மட்டும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே பெற்ற கிரெடிட்டுகளுடன் சொந்தக் கல்லூரிக்குத் திரும்புவதே பரிமாற்ற செமஸ்டர் ஆகும். பட்டத்தைச் சொந்தப் பல்கலைக்கழகமே வழங்கும். முழுப் பட்டத்துக்காக வெளிநாடு செல்வதிலிருந்து இது வேறுபட்டது. விண்ணப்ப வழி, செலவு, உதவித்தொகை ஆகிய மூன்றும் மாறுபடும்.

தேனி மாவட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். இங்கிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் சென்று திரும்புகின்றனர். இத்தகைய குடும்பங்களில் கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறையினர் பலர். ஊரில் சி.பி.ஏ. கல்லூரியும், 2012-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியும் உள்ளன. இங்கு படிக்கும் ஒருவர் ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படிக்க விரும்பினால், முதலில் அறிய வேண்டியது பணத்தைப் பற்றி அன்று, கிரெடிட் மாற்றத்தைப் பற்றியே. அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்காவிட்டால் அந்தப் பாடங்களை மீண்டும் எழுத நேரும். பட்டம் தாமதமாகலாம், வேலைவாய்ப்பு நேர்முகங்களும் தவறிப்போகலாம்.

தோற்றம்

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர் பரிமாற்றத்தைப் பரவலாக்கியது 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம். பல நாடுகளில் வாழ்ந்து கற்ற ராட்டர்டாம் அறிஞர் எராஸ்மஸின் பெயரை நினைவூட்டும் வகையில் இதற்குப் பெயரிடப்பட்டது. 2014-இல் இது எராஸ்மஸ் பிளஸ் என விரிவாக்கப்பட்டது. அதன்பின் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கல்லூரிகளும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பந்தம் செய்து மாணவர்களை அனுப்ப முடிகிறது. எராஸ்மஸ் முண்டஸ் என்பது இதனின்று வேறானது. அது முழு முதுகலைப் பட்டத்துக்கான திட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கல்வித் தொடர்பு பழையது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் தொடங்கப்பட்டதே சென்னை ஐ.ஐ.டி. அதன் மாணவர்கள் ஆகன், மியூனிக் போன்ற நகரங்களின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிமாற்ற முறையில் சென்று வருகின்றனர்.

யார் செல்லலாம்?

பரிமாற்றத்துக்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. இரு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாணவரைச் சொந்த நிறுவனமே பரிந்துரைக்க வேண்டும். ஆகவே கல்லூரி முதல்வரிடமும், கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவு அலுவலகத்திலும் கேட்பதே முதற்படி. பணம் கொடுத்தால் பரிமாற்ற இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களை நம்ப வேண்டாம். ஒப்பந்தத்தின் கீழ் செல்பவர் பொதுவாக அங்கே கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை.

கிரெடிட் மாற்றம்

இந்தியாவில் வாரம் ஒரு மணி நேர விரிவுரை ஒரு செமஸ்டருக்கு நடந்தால் அது பொதுவாக ஒரு கிரெடிட். ஐரோப்பாவில் வீட்டில் படிக்கும் நேரமும் கணக்கில் சேரும். அங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு; ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். எனவே எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. 6 கிரெடிட் கொண்ட ஐரோப்பியப் பாடம் இங்கே 3 அல்லது 4 கிரெடிட்டாக மட்டுமே ஏற்கப்படலாம்.

இதைத் தீர்க்கும் ஆவணம் கற்றல் ஒப்பந்தம். எந்தப் பாடத்தை அங்கே படிப்பது, அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை எழுதி, மாணவர், சொந்த நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். துறைத் தலைவரின் வாய்மொழி உறுதி போதாது. அவர் மாறுதலாகிப் போனால் அந்த உறுதியும் உடன் போய்விடும். அங்கே சென்றபின் பாடத்தை மாற்ற நேர்ந்தால், திருத்தத்துக்கும் அதே மூன்று கையெழுத்துகள் தேவை.

நாட்காட்டிச் சிக்கல்

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. வகுப்புகள் பிப்ரவரியில்தான் முடியும். தேர்வுகள் அதற்குப் பின்னும் நீளலாம். நம் கல்லூரிகளில் அடுத்த செமஸ்டர் பெரும்பாலும் சனவரிக்குள் தொடங்கிவிடும். இதனால் ஒரு செமஸ்டருக்காகச் சென்றவர் இரண்டாவதன் வகுப்புகளையும் இழக்க நேரும். சுவீடனில் வசந்தகால செமஸ்டர் சனவரி நடுவில் தொடங்கி சூன் தொடக்கத்தில் முடிவதால், நமது இரட்டைப்படை செமஸ்டருடன் பெருமளவு பொருந்துகிறது. நகரத்தின் அழகைவிட இந்தப் பொருத்தத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

செலவும் விசாவும்

எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கும், தூரத்துக்கேற்பப் பயணத்துக்கும் தொகை வரும். உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனி செல்பவர், 2024 செப்டம்பர் முதலான விதிப்படி மாதம் 992 யூரோ வீதம் கையிருப்பைக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ; ஒரு யூரோ 100 ரூபாய் எனக் கொண்டால் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். இது கட்டணம் அன்று. மாணவரின் சொந்தப் பணமாகச் சிறப்புக் கணக்கில் இருந்து மாதாமாதம் அவருக்கே கிடைக்கும். ஆனாலும் புறப்படும் முன்பே முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும் என்பதால், தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு உதவித்தொகை உறுதியாகும் முன் கடன் வாங்குவது நல்லதன்று. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கே உரியது. ஒரு செமஸ்டருக்கு அது கிடைக்காது.

90 நாளுக்கு மேல் தங்குவதால் ஷெங்கன் குறுகியகால விசா போதாது. செல்லும் நாட்டின் நீண்டகால விசா அல்லது வசிப்பு அனுமதி வேண்டும். கடவுச்சீட்டு மதுரை மண்டல அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கும். ஜெர்மன் விசாவுக்குச் சென்னை செல்ல வேண்டும். 2023 சூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் உள்ளது.

அங்கே கவனிக்க வேண்டியவை

ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் பெயர் தானாகச் சேர்ந்துவிடும் என எண்ணக் கூடாது. பெரும்பாலான இடங்களில் தேர்வுக்குத் தனியே பதிய வேண்டும். கெடு தவறினால் எழுத முடியாது. பல பாடங்களில் இறுதித் தேர்வு ஒன்றே முழு மதிப்பையும் தீர்மானிக்கும். ஜெர்மன் மதிப்பெண்ணில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை. மகள் 1.3 வாங்கினாள் எனக் கேட்டுப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

ஊர்ப் பொருள் ஒன்று அங்கேயும் கண்ணில் படும். சுவீடனில் காப்பியுடன் உண்ணும் இனிப்பு ரொட்டியிலும், ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் கேக் வகைகளிலும் ஏலக்காய் சேர்ப்பது வழக்கம்.

திரும்பும்போது

மதிப்பெண் சான்றிதழ் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே அதை அனுப்பும் அலுவலகத்தின் முகவரி, பாடத்திட்டத்தின் நகல், கையெழுத்தான கற்றல் ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் ஊர் திரும்பும் முன்பே பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடங்கள் ஏறிய பிறகே பரிமாற்ற செமஸ்டர் நிறைவு பெறுகிறது.