வாரத்துக்கு ஒரு பகுதி

கல்லாவி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு அவதரித்தவர் மூதறிஞர் ராஜாஜி. 1954-இல் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 75. இனி ஓய்வே தகும் என்று பிறர் எண்ணும் பருவம். அவரோ இராம காதையைக் ‘கல்கி’ வார இதழில் தொடராக எழுதலானார். வாரத்துக்கு இவ்வளவு என்று அளவோடு நிகழ்ந்த அந்தக் கைங்கரியமே ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் நூலாயிற்று. 1958-இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது.

ஆலயங்களில் ஒவ்வொரு கால பூஜைக்கும் உரிய வேளை உண்டு. முதிய அன்பர்களும் பகற்பொழுதை அவ்வாறே பகுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு சருக்கம் பாராயணம். மாலையில் பேரக்குழந்தைகளுக்கு ஒரு கதை. அளவு சிறிதாயினும் நாள் தவறாதிருப்பின், முதுமையிலும் பெரும்பணி கைகூடும்.