மறதிநோயாளருக்கு மாணவர் துணை

மறதிநோயாளருக்கு மாணவர் துணை என்பது டிமென்சியா எனப்படும் மறதிநோய் கொண்ட முதியவர்களுடன் கல்லூரி மாணவர்கள் குறித்த நேரம் உடனிருந்து பழகும் தன்னார்வப் பணி ஆகும். மருந்து கொடுத்தல், குளிப்பாட்டல் போன்றவை இதில் அடங்கா.

தேவை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது 88 இலட்சம் பேருக்கு, இந்நோய் உள்ளதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோரை வீட்டாரே கவனிக்கின்றனர். மாணவர் உடனிருக்கும் நேரமே அவர்களுக்கு ஓய்வு.

செயல்முறை

பழைய ஒளிப்படம் பார்த்தல், பாட்டுக் கேட்டல், பூத்தொடுத்தல், கீரை ஆய்தல் முதலியன பயன்படும். பெயர்கள் மறந்த பின்னரும் கைப்பழக்கம் நெடுநாள் நிலைப்பதுண்டு. "நான் யார், தெரிகிறதா?" என்று சோதித்தலும், தவறாகச் சொன்னதைத் திருத்தி வாதிடலும் ஆகா. அடிக்கடி ஆள் மாறினால் முதியவர் குழம்புவார். ஒரே மாணவர் தொடர்ந்து செல்வதே நன்று.

மொழி

பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழி எஞ்சுவதுண்டு. ஆகவே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் கெலமங்கலம், ஓசூர் பகுதியில் முதியவரின் தாய்மொழி அறிந்த மாணவரே ஏற்ற துணையாவார்.

பயிற்சியும் வாய்ப்பும்

சப்பானில் 2005 முதல் பள்ளி மாணவர் உட்பட ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சுமார் 90 நிமிட மறதிநோய் ஆதரவாளர் பயிற்சி பெற்றுள்ளனர். இந்தியாவில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்றுகின்றனர். வாரம் இரண்டு மணி நேரத் துணைக்கு அதுவே போதும்.