கல்லூரி கிடைத்துவிட்டது! தங்க இடம்?

ஜூன், ஜூலை வந்தால் போதும். கோவை பஸ் நிலையங்களில் புது முகங்களைப் பார்க்கலாம்.

தகப்பனார் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், நாலு போட்டோ. பக்கத்தில் மகன், அல்லது மகள். தாராபுரம், காங்கயம், கோபி, பவானி, திருச்செங்கோடு என்று பல ஊர்களில் இருந்து வந்திருப்பார்கள். வீட்டிலேயே கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளையாக இருக்கும்.

எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று ஆறு மாதம் யோசித்திருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டிருப்பார்கள். பங்காளியைக் கேட்டிருப்பார்கள். மில்லில் கூட வேலை செய்கிறவரின் மகனைக் கூடக் கேட்டிருப்பார்கள்.

ஆனால், தங்க இடம்? அதை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுவார்கள்!

"படுக்க ஒரு இடம் இருந்தாப் போதுமுங்க" என்பார்கள்.

போதாது. ஒரு நாளில் கல்லூரிக்குப் போவது 7 மணி நேரம். மீதி 17 மணி நேரமும் தங்கும் இடத்தில்தான். சாப்பிடுவது அங்கே. தூங்குவது அங்கே. பரீட்சைக்குப் படிப்பது அங்கே. காய்ச்சல் வந்தால் படுப்பதும் அங்கேதான். பாதியில் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளையிடம் பேசிப் பாருங்கள். பாடம் கடினம் என்று மட்டும் சொல்லமாட்டான். சோறு, தூக்கம், கூட இருந்தவர்கள் என்று பேச்சு போகும்.

முதலில் திசையைப் பாருங்கள்

"கோயமுத்தூரில் கல்லூரி" என்றால், ஊருக்குள் கல்லூரி என்று நினைத்துவிடக் கூடாது.

1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலை அடிவாரத்தில் இருக்கிறது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி தடாகம் ரோட்டில் இருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி எல்லாம் அவினாசி ரோட்டில். எட்டிமடைக்குப் போனால் கேரள எல்லையே வந்துவிடும்! ஒரு கோடியில் கல்லூரி, மறு கோடியில் அறை என்று எடுத்தால், தினம் இரண்டு பஸ் மாற வேண்டும்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. பீளமேட்டுக்கு அப்பால் "ஹோப் காலேஜ்" என்று ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அங்கே அந்தப் பெயரில் கல்லூரியைத் தேடினால் கிடைக்காது. ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டது.

இன்னொரு திசையும் இருக்கிறது. அது சொந்த ஊரின் திசை.

பொள்ளாச்சி, உடுமலை பஸ்கள் உக்கடத்தில் இருந்து கிளம்பும். தாராபுரம், காங்கயம் பக்கம் போக சிங்காநல்லூர். ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் போக காந்திபுரம். மேட்டுப்பாளையம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் தனி பஸ் நிலையம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மூட்டையோடு ஊருக்குக் கிளம்பும் பிள்ளைக்கு, இது பெரிய விஷயம். கல்லூரிக்கும் ஊர் பஸ்ஸுக்கும் நடுவில் அறை அமைந்தால் நல்லது.

தினம் போய் வந்தால் என்ன?

இதையும் யோசிக்கத்தான் வேண்டும். மேட்டுப்பாளையம், காரமடைப் பிள்ளைகளுக்கு ரயில் இருக்கிறது. பொள்ளாச்சி, திருப்பூருக்கும் ரயில் இருக்கிறது. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அதற்குப் பிறகு, "ஹாஸ்டல் வேண்டாம், மகள் வீட்டில் இருந்தே போகட்டும்" என்று கணக்குப் போட்ட வீடுகள் உண்டு.

கணக்கு சரிதான். ஆனால், பணத்தை மட்டும் எண்ணக் கூடாது. வீட்டு வாசலில் இருந்து வகுப்பு வாசல் வரை ஆகும் நேரத்தை எண்ண வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் அது 3 மணி நேரம். விஞ்ஞானப் பாடம் படிக்கும் பிள்ளைக்குச் சாயங்காலம் சோதனைக்கூட வேலை நீளும். அப்போது கடைசி ரயில் எது, கடைசி பஸ் எது? இதை விசாரிக்காமல் முடிவு செய்யலாமா?

மெஸ் கணக்கு

கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தால் முதல் வருஷத்துக்கு அதுவே நல்லது. பாதுகாப்பு உண்டு. புத்தகம் கேட்க, பாடம் கேட்க, பக்கத்து அறையில் ஆள் உண்டு. கல்லூரியில் சேரும்போதே விடுதிக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று திரும்பினால் இடம் போய்விடும்.

பல கல்லூரி விடுதிகளில் "டிவைடிங் சிஸ்டம்" என்று சொல்வார்கள். அது என்ன? ஒரு மாதத்து அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்டவர்களுக்குப் பங்கு போடுவது. கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 6 லட்சம் ரூபாய். சாப்பிட்டவர்கள் 200 பேர். ஆளுக்கு 3,000 ரூபாய். சாமான் வீணானால் எல்லார் பங்கும் ஏறும். அதனால் மாணவர்களே மெஸ் கமிட்டியாக இருந்து கணக்குப் பார்க்கும் விடுதிகள் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊருக்குப் போன நாட்களுக்குக் கழிவு உண்டா? சில இடத்தில் தொடர்ந்து சில நாட்கள் போனால்தான் கழிப்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

சாப்பாட்டைக் குறை சொல்லாத விடுதிப் பிள்ளை கிடையாது. வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப் பருப்பும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு, மெஸ் சாம்பார் முதல் மாதம் இறங்காது. அது பழகிவிடும். வயிற்று வலி பழகாது. இரண்டும் வேறு. குடிக்கிற தண்ணீர் சிறுவாணியா, பில்லூரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். போர் தண்ணீர் என்றால், சுத்தம் செய்து கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

தனியார் விடுதியில் எதைப் பார்ப்பது?

கல்லூரி விடுதி கிடைக்காதவர்களுக்கு, தனியார் நடத்தும் விடுதிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பீளமேடு, சரவணம்பட்டி, வடவள்ளி பக்கம் போனால் போர்டுகளை எண்ண முடியாது.

பெண் பிள்ளை என்றால் முதல் கேள்வி: "லைசென்ஸ் இருக்கிறதா?" பெண்கள் விடுதிகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் என்றே தமிழ்நாட்டில் 2014-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உரிமம் வாங்காமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. அந்தத் தாளைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம்" என்று சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

பகல் 11 மணிக்கு அறையைப் பார்ப்பதால் பயன் இல்லை. அப்போது பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் கொட்டும். வராந்தா கழுவி இருக்கும். சாயங்காலம் 7 மணிக்குப் போக வேண்டும். அப்போதுதான் எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்று தெரியும். ஒரு அறையில் எத்தனை கட்டில் என்று தெரியும். தெரு விளக்கு எரிகிறதா, பஸ் நிறுத்தத்தில் இருந்து வரும் வழி எப்படி என்பதும் தெரியும். முடிந்தால் காசு கொடுத்து ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பிள்ளையிடம், நடத்துகிறவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு வார்த்தை கேளுங்கள்.

ராத்திரியில் வாசலைப் பூட்டுகிறார்களா? பூட்டினால் சாவி யாரிடம்? தீப்பிடித்தால் வெளியே வர இரண்டாவது வழி உண்டா? ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அங்கேயே தங்கும் ஆள் உண்டா? வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேச வேண்டும்.

பெண்கள் விடுதியில் கேட் மூடும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு நேரம்! 2015-ல் டில்லிக் கல்லூரி மாணவிகள் இதை எதிர்த்து இயக்கமே நடத்தினார்கள். நூலகம் திறந்திருக்கும்போது மகள் அறைக்குள் உட்கார்ந்திருந்தால், அது பாதுகாப்பு ஆகாது. அவள் படிப்பில் நஷ்டம்தான்.

பில்லையும் பாருங்கள். வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் விளக்கம் கேளுங்கள். 2024 ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒரு முடிவு செய்தது. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால், அந்த வாடகைக்கு வரி விலக்கு உண்டு. வீட்டில் கணக்கு எழுதும் அம்மாக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பதும் உண்டு. இரண்டாம் வருஷப் பையன்களுக்கு இதில்தான் ஆசை. வாடகைச் சட்டம் 2017-ல் போடப்பட்டு, 2019-ல் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆகவே கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. காலி செய்யும்போது "பெயிண்ட் செலவு" என்று பிடித்தம் வரும்!

1996 நவம்பர்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதல் வருஷம் படித்தவர் பொன் நாவரசு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். 1996 நவம்பரில் அவர் ராகிங்கில் கொலை செய்யப்பட்டார். மேல் வகுப்பு மாணவரே கொன்றார். தமிழ்நாடே பதறியது.

அடுத்த வருஷமே, 1997-ல், ராகிங் தடைச் சட்டம் வந்தது. கல்லூரிக்குள் நடந்தாலும் குற்றம். வெளியே நடந்தாலும் குற்றம். 2 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் கடுமையான விதிகளைப் போட்டது. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் வந்தது. அதைப் பிள்ளையின் செல்போனில் போட்டுக் கொடுங்கள்.

சட்டம் இருந்தாலும், பிள்ளை வாய் திறந்தால்தானே தெரியும்? "நல்லா இருக்கேம்ப்பா" என்று எல்லாப் பிள்ளையும் போனில் சொல்வான். முதல் மாதத்தில் ஒரு தடவையாவது, சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"நீங்க என்ன ஆளுங்க?"

அறை தேடிப் போகும் இடத்தில் இந்தக் கேள்வியும் வரும். வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே வரும். கொங்கு நாட்டில் பலருக்கு இது புதிது அல்ல. இதைக் கேட்பவர் வீட்டில் பிள்ளையைத் தங்க வைத்தால், தட்டிலும் டம்ளரிலும் அந்தக் கேள்வி தொடரும்.

ஒரு காலத்தில் விடுதிகளே சாதிக்கு ஒன்றாக எழும்பின. ஊரை விட்டுப் படிக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அவை சோறு போட்டன. அதை மறுக்க முடியாது. ஆனால், பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லையே!

வேறு வழியில் போனவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். 1930-ல் தி. சு. அவினாசிலிங்கம் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் குருகுலம் அது. 1934-ல் காந்திஜி வந்து பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டினார். இன்று அந்த வளாகத்தில் கல்லூரிகளே நடக்கின்றன.

அரசாங்க விடுதிகளும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்று துறைவாரியாகத் தொடங்கியவை இவை. 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் "சமூகநீதி விடுதி" என்று ஒரே பெயர் வைத்தார்கள். தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. கட்டில், கழிப்பறை விடுதிக்கு விடுதி மாறும். ஆகவே இங்கேயும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். "இலவசம்தானே, எப்படி இருந்தால் என்ன?" என்று நினைக்கக் கூடாது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாமல் மகளை வீட்டில் நிறுத்த நினைக்கும் தகப்பனார், முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடமே கேட்கலாம். கலெக்டர் ஆபீசில் இருக்கும் அந்தந்தத் துறை அலுவலகத்திலும் கேட்கலாம். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. வருமானச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி கிடையாது.