‘ஸ்லோலி’ எங்கே நிற்கும்?

திருகோணமலைக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்த பிள்ளை, “அவர் வலையை மெதுவாக இழுத்தார்” என்று தயங்காமல் சொல்லும். தமிழில் வினை கடைசியில் வரும். எப்படி இழுத்தார் என்று காட்டும் ‘மெதுவாக’ அதற்குச் சற்று முன்னால், வலைக்கும் இழுத்ததற்கும் நடுவே நிற்கும். அதே பிள்ளை ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லை நடுவிலேயே வைத்து, “ஹீ புல்ட் ஸ்லோலி த நெட்” என்று எழுதிவிடுகிறது. சொற்கள் எல்லாம் சரி, இடம்தான் பிழை.

ஆங்கிலத்தில் வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்கக் கூடாது. “ஹீ புல்ட் த நெட் ஸ்லோலி” என்பதே இயல்பு. “ஹீ ஸ்லோலி புல்ட் த நெட்” என்றாலும் சரி. செயப்படுபொருள் மிக நீண்ட தொடராக இருந்தால் மட்டும் சில வேளை இந்த விதி தளரும்.

‘ஆல்வேய்ஸ்’, ‘நெவர்’ போல எத்தனை தடவை என்று சொல்பவை பெரும்பாலும் முதன்மை வினைக்கு முன்னால் வரும்: “ஷீ ஆல்வேய்ஸ் டேக்ஸ் த மூதூர் பஸ்.” ‘இஸ்’, ‘ஆர்’ வந்தால் அவற்றுக்குப் பின்னால்: “ஷீ இஸ் ஆல்வேய்ஸ் லேட்.” துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து: “ஐ ஹாவ் நெவர் சீன் அ வேல்.” நம் கடலில் திமிங்கிலம் வருவதால் இந்த வாக்கியம் பிள்ளைகளுக்கு எளிதில் பதியும்.

நம்மை அதிகம் இடறவைப்பது ‘ஒன்லி’. 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில்தான் போனோம். இதில் ‘தான்’ எந்தச் சொல்லை அழுத்துகிறதோ அதன் வாலில் ஒட்டுகிறது. அதை அப்படியே கொண்டுபோய், “வீ வென்ட் பை ஃபெரி ஒன்லி” என்கிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் பேச்சில் இது புழங்குகிறது, கேட்பவருக்கும் விளங்குகிறது. ஆனால் பொது ஆங்கில எழுத்தில் ‘ஒன்லி’ அழுத்த வேண்டிய தொடருக்கு முன்னால் வரும்: “வீ வென்ட் ஒன்லி பை ஃபெரி.”

இந்தப் பிழைகள் பிள்ளையின் அறியாமையால் வருபவை அல்ல. தாய்மொழியின் ஒழுங்கு கைவந்திருப்பதால் வருபவை. ஆகவே ஆசிரியர்களே, சிவப்பு மையால் வெட்டுவதற்கு முன், அந்த வாக்கியத்தின் தமிழைப் பக்கத்தில் எழுதி, சொல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று ஒருமுறை காட்டுங்கள்.