நடை பழகும் பிள்ளைக்கு முதல் சப்பாத்து



பிள்ளை தத்தித் தத்தி நாலு அடி எடுத்து வைத்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த சம்பளம் வந்ததும் டவுனுக்குப் போய் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி வருகிறோம். நடக்கும்போது "கீச் கீச்" என்று சத்தம் போடுவதாகப் பார்த்து எடுப்போம். "வளர்ற புள்ளதானே, ரெண்டு வருஷத்துக்குப் போடட்டும்" என்று பெரிய அளவாகவும் எடுப்போம். பிள்ளை அதைப் போட்டு நாலு தடவை விழுந்து, பிறகு கழற்றி எறிந்துவிடும். காசு வீணாவதோடு வெளியே வெறுங்காலாகவும் திரியும். ஆகவே வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்போது தேவை?

பெரும்பாலான பிள்ளைகள் 9 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் நடக்கத் தொடங்குவார்கள். சுவரைப் பிடித்து நிற்கிற பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டாம். வீட்டுக்குள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள்ளும் தரை சுத்தமாக இருந்தால் வெறுங்காலே நல்லது. விரல்களால் தரையைப் பற்றித்தான் பிள்ளை விழாமல் நிற்கப் பழகுகிறது. சப்பாத்து போட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது சரியல்ல. 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

உள்ளங்கால் தட்டையாக இருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளையின் பாதத்தில் கொழுப்பு அதிகம். வளர வளர வளைவு தெரியும்.

வெளியே ஏன் வேண்டும்?

முதல் காரணம் கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் இதன் முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். நமது தோட்டங்களில் இது ஒரு காலத்தில் பெரிய சாபமாக இருந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிராக வேலை தொடங்கினார்கள். அன்று சொன்னது இன்றும் பொருந்தும்: மலசலகூடத்தைப் பாவிக்க வேண்டும், கிளினிக்கில் சொல்லும் காலத்தில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், காலுக்குப் பாதுகாப்பு வேண்டும். இதில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

தோட்டத்துக்கு ஒன்று, வன்னிக்கு ஒன்றா?

1977 கலவரத்துக்குப் பிறகு நம் சனங்கள் ஏராளமானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறினார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். லீவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆனால் அந்த மண் வேறு, நம் மண் வேறு.

இங்கே ஈரம், வழுக்கும் படி, அட்டை. ஆகவே மூடிய சப்பாத்தும், அடியில் வரிவரியாக வெட்டுள்ள சோலும் நல்லது. அங்கே மத்தியான வெயிலில் மணல் கால் சுடும். நெருஞ்சி முள்ளும் உண்டு. அங்கே காற்றுப் போகிற, விரல் முனை மூடிய, குதிக்குப் பின்னால் பட்டி உள்ள செருப்பே சுகம். இரண்டு சோடி வாங்க வசதி இல்லாவிட்டால், இந்தப் பட்டிச் செருப்பே சோல் வழுக்காததாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் சமாளிக்கும். நாம் "பாட்டா" என்று சொல்கிற ரப்பர் செருப்பு வேண்டாம். அது கழன்றுபோகாமல் இருக்கப் பிள்ளை விரலை மடக்கி இறுக்கி நடக்கும்.

எந்த இடமானாலும் போடும் முன் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். தேள், பூரான் உள்ளே படுத்திருக்கலாம். இன்னொன்று: 2009இல் யுத்தம் முடிந்தாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடத்திலும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்துக்குப் பிள்ளையை விடாதீர்கள். எந்தச் சப்பாத்தும் அதிலிருந்து காப்பாற்றாது.

அளவு எடுப்பது எப்படி?

1. பின்னேரத்தில் எடுங்கள். நடந்து திரிந்த பிறகு கால் சற்றுப் பெருத்திருக்கும்.
2. ஒரு கார்ட்போட் மட்டையில் பிள்ளையை நிற்க வையுங்கள். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறையும்.
3. பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். எது பெரியதோ அதுவே கணக்கு.
4. குதியிலிருந்து நீளமான விரல் வரை அளந்து, அதோடு ஒரு சென்ரிமீற்றர், அதாவது அம்மாவின் சுண்டுவிரல் அகலம், கூட்டி ஒரு துண்டு வெட்டுங்கள்.

இந்த மட்டைத் துண்டைச் சப்பாத்துக்குள் விட்டுப் பாருங்கள். வளையாமல் தட்டையாகக் கிடந்தால் நீளம் சரி. மடிந்தால் சின்னது. முன்னும் பின்னும் நிறைய ஓடினால் பெரியது. கால் கோட்டை வெட்டிக் கொண்டுபோய் அகலத்தையும் பார்க்கலாம். கிளிநொச்சியிலிருக்கும் மாமா வாங்கி அனுப்புவதாக இருந்தாலும் "ஒரு வயசுப் புள்ளைக்கு" என்று சொல்லாமல், எத்தனை சென்ரிமீற்றர் என்று போனில் சொல்லுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

கையில் எடுத்தால் பாரமில்லாமல் இருக்க வேண்டும். வளைத்தால் விரல் மடிகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. விரல் பக்கம் அகலமாகவும் குதிப் பக்கம் உறுதியாகவும் இருக்க வேண்டும். உயர்ந்த குதி வேண்டாம். கயிறோ, ஒட்டுப்பட்டியோ, பக்கிளோ இருந்தால்தான் கழலாது.

வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் உள்ளேயே போட்டு நடக்க விடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது சிவந்த தழும்போ, மடிந்த விரலோ இருந்தால் மாற்றுங்கள். சோலில் ஊத்தை பிடிக்கு முன் மாற்றினால்தான் முதலாளியும் எடுப்பார். பில்லைப் பத்திரமாக வையுங்கள். சின்னப் பிள்ளையின் கால் மெத்தென்று இருப்பதால் சப்பாத்து இறுக்கினாலும் அது அழாது. நாம்தான் பார்க்க வேண்டும். காலுறையும் இறுக்கக் கூடாது.

அண்ணன் போட்டதைத் தம்பிக்குப் போடலாமா?

கொஞ்ச நாளே போட்டது, சோல் சரிந்து தேயாதது என்றால், அளவும் சரியாக இருந்தால் போடலாம். நன்றாகத் தேய்ந்தது அண்ணனின் கால் வடிவுக்குப் படிந்திருக்கும். தம்பியின் காலுக்கு ஒத்துவராது.

இரண்டு வயது வரை கால் வேகமாக வளரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். கிளினிக்கில் நிறுக்கப் போகிற நாளை ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது. அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் விலை கூடியது தேவையில்லை. பெருநாளுக்கென்று எடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்காமல், வாங்கிய நாளிலிருந்தே வெளியில் போட்டுப் பழக்குங்கள். அடுத்த பெருநாளுக்குள் அது சின்னதாகிவிடும்.